எக்ஸ்ரே எடுக்கும் முன்பே கணக்குப் பார்க்கும் பல் கிளினிக்: எடிசனிலிருந்து ஒரு மதிப்பீடு

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் எங்கள் குடும்பம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டாகச் சென்றுவரும் ஒரு பல் கிளினிக்கின் பில்லிங் மேசையைப் பற்றியது இந்த மதிப்பீடு. மருத்துவரின் கைத்திறனைப் பற்றிச் சொல்வதற்கும் நல்ல செய்திகள் உண்டு. ஆனால் அவற்றை வேறு பலர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். வழக்கமான சோதனைக்குப் போகும்போது எடுக்கப்படும் எக்ஸ்ரேக்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்படிக் கணக்கு எழுதி அனுப்புகிறார்கள் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பல் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரும் எதிர்பாராத பில்களில் பாதிக்கு மேல் இந்த எக்ஸ்ரே வரிகளில் பிறப்பவைதாம் என்பது என் அனுபவம்.

அந்த அனுபவம் நோயாளியாக மட்டும் வந்ததன்று. அமெரிக்காவுக்கு வருவதற்கு முன், சென்னை வேளச்சேரியில் ஓர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் இரவுப் பணியில் அமர்ந்து, அமெரிக்கப் பல் மருத்துவர்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்டு அனுப்பும் கிளைம்களைப் பார்த்துவந்தேன். நாளை காலை நாற்காலியில் உட்காரப்போகும் நோயாளிக்கு எந்தச் சேவைக்கு எவ்வளவு காப்பீடு உண்டு, கடைசியாக எக்ஸ்ரே எடுத்தது எப்போது, அடுத்தது எப்போது எடுக்கலாம் என்பதையெல்லாம் காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, விடிவதற்குள் கிளினிக்கின் கோப்பில் எழுதி வைப்பது எங்கள் வேலை. எழுதி வைத்ததைக் கிளினிக்கில் யாராவது படித்தார்களா என்பது மூன்று வாரம் கழித்து, பணம் தர மறுக்கும் டினையல் வரும்போதுதான் தெரியும். ஆகவே இங்கே ஒரு பில்லிங் மேசையைப் பாராட்டுகிறேன் என்றால், அந்தப் பாராட்டு எளிதில் வந்ததாக வாசகர்கள் நினைக்க வேண்டாம்.

முதலில் கோட் எண்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பராமரித்து ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் புதுப்பிக்கும் சேவை எண்களின் தொகுப்பு ஒன்று உண்டு. ஒவ்வோர் எண்ணும் ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கி நான்கு இலக்கங்களைக் கொண்டிருக்கும். மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் ஒரே படத்தில் காட்டி, பற்களுக்கு இடையிலுள்ள சொத்தையைக் கண்டுபிடிக்க உதவும் பைட்விங் படங்களில், ஒன்று எடுத்தால் டி0270, இரண்டுக்கு டி0272, மூன்றுக்கு டி0273, நான்குக்கு டி0274. (டி0271 என்று ஓர் எண் கிடையாது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்தில் அதைத் தேடித் தவிப்பார்கள்.) வேரின் நுனிவரை காட்டும் பெரியாப்பிக்கல் படத்தில் முதல் படத்துக்கு டி0220 என்றும், அதே நாளில் எடுக்கும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் டி0230 என்றும் எழுத வேண்டும். தாடை முழுவதையும் ஒரே வீச்சில் காட்டும் பனோரமிக் படத்துக்கு டி0330. வாய் முழுவதையும் வழக்கமாக 14 முதல் 22 வரையிலான சிறு படங்களில் எடுக்கும் முழுத் தொகுதிக்கு டி0210. நான்கு பைட்விங் எடுத்துவிட்டு டி0270 என்பதை நான்கு முறை எழுதுவதும், மூன்று பெரியாப்பிக்கல் எடுத்துவிட்டு டி0220 என்பதை மூன்று முறை எழுதுவதும் தவறு; ஒரே சேவையைத் துண்டுதுண்டாக்கிக் கூடுதல் பணம் கேட்பதாகவே காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்க்கும்.

எண் சரியாக இருந்தாலும் பணம் வராமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவை இரண்டையும் நாங்கள் முன்பு சென்றுகொண்டிருந்த கிளினிக்கில் அனுபவித்துத் தீர்த்தோம். அந்தக் கிளினிக்கின் பெயர் இங்கே வேண்டாம்.

2022இல் என் கணவர் புதிய நோயாளியாக அங்கே போனபோது, ஒரே நாளில் பனோரமிக் படமும் நான்கு பைட்விங் படங்களும் எடுத்தார்கள். அப்படி எடுப்பது தவறன்று. பல கிளினிக்குகள் செய்வதுதான். ஆனால் பனோரமிக்கும் பைட்விங்கும் ஒரே தேதியில் வந்தால், அவை இரண்டையும் சேர்த்து முழுத் தொகுதி எடுத்ததாகக் கணக்கிட்டு, டி0210க்கு உரிய தொகைக்கு மேல் தருவதில்லை என்ற விதி பல காப்பீட்டுத் திட்டங்களில் உண்டு. எங்கள் திட்டத்திலும் இருந்தது. அதோடு, 60 மாதங்களுக்கு ஒரு முறை மட்டுமே கிடைக்கும் அந்த வாய்ப்பும் அன்றே செலவாகிவிட்டது. இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லாத கிளினிக், குறைந்துபோன தொகையான 58 டாலரை எங்களிடமே கேட்டுப் பில் அனுப்பியது. காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கிளினிக் அந்த வித்தியாசத்தை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று எங்கள் திட்டத்தில் தெளிவாகவே இருந்தது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய இ.ஓ.பி. என்னும் விளக்கச் சீட்டிலும் நோயாளியின் பொறுப்பு பூஜ்யம் என்றுதான் அச்சாகியிருந்தது. அந்தச் சீட்டின் நகலை இரண்டு முறை அனுப்பிய பிறகே பில்லை நீக்கினார்கள்.

இரண்டாவது, தேதி. ‘ஆண்டுக்கு ஒரு முறை பைட்விங்’ என்று கையேட்டில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. சில திட்டங்களில் ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அங்கே டிசம்பரில் ஒரு முறையும் ஜனவரியில் ஒரு முறையும் எடுத்தால்கூடப் பணம் வரும். வேறு சில திட்டங்களில் போன முறை எடுத்த நாளிலிருந்து 12 மாதங்கள் முழுமையாகக் கழிய வேண்டும். எங்கள் திட்டம் இரண்டாவது வகை. 2023 மார்ச் 22 அன்று எனக்குப் பைட்விங் எடுத்தவர்கள், மறு ஆண்டு மார்ச் 11 அன்று மீண்டும் எடுத்தார்கள். 11 நாள் குறைந்ததால் கிளைம் மறுக்கப்பட்டது. 74 டாலர் என் பொறுப்பாயிற்று. இம்முறை இ.ஓ.பி.யிலும் அப்படியே இருந்ததால் வாயை மூடிக்கொண்டு கட்டினேன். சென்னையில் நான் இரவெல்லாம் தட்டச்சு செய்து அனுப்பிய தகவல் எதுவோ, அதையே யாரும் பார்க்காமல் விட்டதற்கு நானே அபராதம் கட்டியதுபோல் இருந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கிளினிக்கை மாற்றினோம். புதிய இடத்தில் முதல் நாள் தொலைபேசியில் பேசியபோதே வேறுபாடு தெரிந்தது. பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண் ஆகியவற்றோடு, கடைசியாகப் பைட்விங் எடுத்தது எப்போது, பனோரமிக் அல்லது முழுத் தொகுதி எடுத்தது எப்போது, எந்தக் கிளினிக்கில் என்று பில்லிங் மேசைப் பெண்மணி தனித்தனியாகக் கேட்டார். பழைய கிளினிக்கிலிருந்து படங்களை வரவழைக்க என் கையெழுத்தையும் மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொண்டார். நம் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறுவது கூட்டரசுச் சட்டம் நமக்குத் தந்துள்ள உரிமை என்றாலும், அதைப் பயன்படுத்தச் சொல்லும் கிளினிக்குகள் குறைவு. புதிதாக எடுத்தால் புதிதாகப் பணம் வரும் என்பது காரணமாக இருக்கலாம். சோம்பல் என்பதும் காரணமாக இருக்கலாம்.

முதல் நாள் போனபோது நடந்ததுதான் இந்தக் கிளினிக்கின் மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம். என் திட்டத்தின் நிலவரத்தை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். காப்பீட்டு நிறுவனம் கடைசியாகப் பணம் தந்த பைட்விங் 2023 மார்ச் மாதத்துடையது. ஆகவே இன்று எடுத்தால் முழுத் தொகையும் கிடைக்கும் என்றார். ஆனால் மறுக்கப்பட்ட அந்த மார்ச் 11ஆம் தேதிப் படங்கள் ஏழு மாதங்களுக்கு முற்பட்டவையாகத் தம்மிடம் வந்துவிட்டன என்றும், அவற்றைப் பார்த்து, வாயையும் பார்த்த பிறகு மருத்துவர் சொன்னால் மட்டுமே புதிதாக எடுப்போம் என்றும் சேர்த்துச் சொன்னார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, சொத்தை எதுவும் இல்லை, பழைய படங்களே போதும் என்றார். காப்பீடு பணம் தரத் தயாராக இருந்தும், தேவையில்லை என்பதற்காக எடுக்காமல் விட்ட பல் கிளினிக்கை ஆறு ஆண்டுக் கிளைம்களிலும் நான் பார்த்ததில்லை. அப்படி எடுக்காமல் விட்டதற்குக் கிளைம் வராது என்பதால், பார்த்திருக்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

இதை வெறும் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2012இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சொத்தை இல்லாத, சொத்தை வரும் ஆபத்தும் குறைந்த பெரியவருக்கு 24 முதல் 36 மாதங்களுக்கு ஒரு முறை பைட்விங் எடுத்தால் போதும். சொத்தை இருப்பவருக்கோ ஆபத்து மிகுந்தவருக்கோ 6 முதல் 18 மாதங்களுக்குள் எடுக்க வேண்டியிருக்கலாம். எப்படியானாலும் மருத்துவர் வாயைச் சோதித்து, வரலாற்றைக் கேட்ட பிறகே படம் எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. 12 மாதங்கள் என்பது காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் இடைவெளியே ஒழிய, பல் கேட்கும் இடைவெளியன்று. அதைப்போலவே, காப்பீடு மறுத்துவிட்டது என்பதால் அந்த எக்ஸ்ரே தேவையற்றது என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டு கணக்குகளையும் குழப்பிக்கொள்ளாத பில்லிங் மேசையை நான் இங்கேதான் கண்டேன்.

மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு பைட்விங் மட்டும் எடுக்கச் சொன்னார். கிளைமிலும் டி0272 என்றே போயிற்று. இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்காத சிறிய வாய்க்கு இரண்டு படங்களே போதுமானவை. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு நுணுக்கம், எந்தக் காப்பீட்டுக்கு முதலில் அனுப்புவது என்பது. எனக்கும் கணவருக்கும் தனித்தனியே வேலை வழியாகக் காப்பீடு உண்டு. மகன் இரண்டிலும் இருக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, ஆண்டில் எந்தப் பெற்றோரின் பிறந்தநாள் முன்னதாக வருகிறதோ அவருடைய காப்பீடே முதன்மையானது என்பது பொதுவான விதி. யார் மூத்தவர் என்பதைப் பார்ப்பதில்லை, மாதத்தையும் தேதியையும் மட்டுமே பார்ப்பார்கள். என் பிறந்தநாள் பிப்ரவரியில், கணவருடையது அக்டோபரில். பழைய கிளினிக்கில் குடும்பத் தலைவர் என்று நினைத்து எப்போதும் அவருடைய காப்பீட்டுக்கே முதலில் அனுப்பினார்கள். முதன்மைக் காப்பீட்டின் இ.ஓ.பி. எங்கே என்று கேட்டு அது திரும்பி வரும். இங்கே சேர்க்கைப் படிவத்திலேயே எங்கள் இருவரின் பிறந்த தேதியையும் கேட்டு வாங்கி, வரிசையைச் சரியாக வைத்துவிட்டார்கள்.

கணவருக்குச் சென்ற ஆண்டு திடீரென்று கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் வலி வந்தது. அன்று இரண்டு கோணங்களில் பெரியாப்பிக்கல் எடுத்தார்கள். வந்த கிளைம் நகலில் டி0220 ஒன்று, டி0230 ஒன்று, பல் எண் 30, அவசரச் சோதனைக்கு டி0140, குறிப்புப் பகுதியில் எந்தப் பல்லில் எத்தனை நாளாக வலி என்று ஒரே வரி. மாதிரிக்கு வைத்துக் கற்றுக்கொடுக்கலாம் போன்ற கிளைம். நம் ஊர்ப் பல் மருத்துவர் இதே பல்லை 46 என்று எழுதுவார். அமெரிக்காவில் மேல் வலக்கோடியிலிருந்து 1 தொடங்கி 32 வரை வரிசையாக எண்ணும் முறை. வலிக்காக எடுத்த இந்தப் படங்களால் அவருடைய வழக்கமான பைட்விங் வாய்ப்பு எங்கள் திட்டத்தில் குறையவில்லை. ஞானப்பல்லைப் பற்றிப் பின்னர் ஓர் அறுவை மருத்துவரிடம் போக வேண்டியிருந்தபோதும், 2022இல் எடுத்த அந்தப் பழைய பனோரமிக்கையே அனுப்பி, அது போதுமா என்று கேட்டுச் சொன்னார்கள். போதும் என்று பதில் வந்தது. 60 மாதம் முடியாத நிலையில் எங்கள் கையிலிருந்து போகவிருந்த பணம் மிஞ்சியது.

என் கணவர் இந்தக் கிளினிக்கில் ஒரு முறை திட்டும் வாங்கியிருக்கிறார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில், பைட்விங் எடுப்பதற்கு இன்னும் 9 நாள் இருந்த நிலையில், இன்றே எடுத்துவிட்டு அடுத்த வாரத் தேதியைப் போட்டுக் கிளைம் அனுப்பிவிடலாமே என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்மணி, படம் எடுத்த தேதியும் நேரமும் படத்தின் கோப்பிலேயே பதிவாகும், காப்பீட்டு நிறுவனம் கேட்டால் அதையே அனுப்ப வேண்டும், தேதியை மாற்றி எழுதுவது பொய்க் கிளைம், அதில் மருத்துவரின் உரிமமே போகலாம் என்று சொல்லி, இன்று எடுப்பதானால் காப்பீடு தராது என்று தெரிந்தே நீங்கள் கையெழுத்திட்டுப் பணம் கட்டலாம், இல்லையேல் திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வழிகளை மட்டும் வைத்திருக்கிறார். மருத்துவரும் அவசரமில்லை என்றதால் காத்திருந்தார். வீட்டுக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டவரிடம் நான் அந்தப் பெண்மணியின் பக்கமே பேசினேன். காப்பீடு தருவது போதும், உங்கள் பங்கு வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி ஆள் சேர்க்கும் இடங்களையும் இதே காரணத்துக்காகவே நான் தவிர்க்கிறேன். முழுக் கட்டணத்தைக் கிளைமில் காட்டிவிட்டு நோயாளியின் பங்கை வழக்கமாக விட்டுக்கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் ஏமாற்று வேலைதான்.

இனிக் குறைகள். மருத்துவர் பார்த்த பிறகே எக்ஸ்ரே என்ற நல்ல ஒழுங்குக்கு நாம் தரும் விலை நேரம். பல் சுத்தம் செய்பவர் தயாராக இருந்தாலும், மருத்துவர் அடுத்த அறையிலிருந்து வரும்வரை 20 நிமிடம் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்ததுண்டு. சிறு பிள்ளையோடு போகிறவர்கள் இதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

சிகிச்சைக்கு முன் தரும் மதிப்பீட்டுத் தாளும் எனக்குத் திருப்தியில்லை. கோட் எண், கிளினிக்கின் கட்டணம், காப்பீட்டின் பங்கு, நம் பங்கு என்று நான்கு நெடுவரிசைகள் இருக்கின்றன. ஆனால் எண்ணுக்கு எதிரே விளக்கம் இல்லை. எனக்கு டி0274 என்றால் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்த முதியவர் என்னிடம் அந்தத் தாளை நீட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னால் ஒரு வரியில் முடிகிற விளக்கத்தை அச்சிட ஏன் இவர்களால் முடியவில்லை? மேலும், கிளினிக்கின் முழுக் கட்டணம் ஒரு நெடுவரிசையிலும் காப்பீட்டு ஒப்பந்தக் கட்டணம் வேறோர் இடத்திலும் இருப்பதால், இடையிலுள்ள தொகையை நாம்தான் கட்ட வேண்டுமோ என்ற பயம் புதியவர்களுக்கு வருவது இயல்பு. கிளைமில் முழுக் கட்டணத்தை எழுதுவது முறைதான்; ஒப்பந்தப்படி தள்ளுபடியாகும் தொகையைத் தனியே காட்டியிருந்தால் அந்தப் பயம் வராது.

பில் வருவதும் தாமதம். கிளைம் முடிந்து இ.ஓ.பி. நம் வீட்டுக்கு வந்த பிறகும், கிளினிக்கின் பில் வர ஆறு வாரம்வரை ஆகிறது. அதுவரை அவர்களுடைய இணையக் கணக்கில் முழுத் தொகையும் பாக்கியாகக் காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பதறி அவசரமாகக் கட்டிவிட வேண்டாம், இ.ஓ.பி.யில் நோயாளியின் பொறுப்பு என்று எழுதியுள்ள தொகைக்கும் கிளினிக்கின் பில்லுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு கட்டினால் போதும். இ.ஓ.பி. பில் அன்று, ஆனால் பில்லைச் சரிபார்ப்பதற்கான அளவுகோல் அதுவே. அதில் எக்ஸ்ரே வரிகளைப் பார்க்கும்போது, சேவைத் தேதி நாம் போன நாள்தானா, எடுத்த படங்களின் எண்ணிக்கையும் கோட் எண்ணும் ஒத்துப்போகின்றனவா, அனுப்பிய எண்ணை மாற்றி வேறு எண்ணில் பணம் தந்திருக்கிறார்களா என்ற மூன்றையும் பாருங்கள். இந்தக் கிளினிக்கிலிருந்து இதுவரை எங்கள் மூவருக்கும் சேர்த்துப் போன எக்ஸ்ரே வரிகளில் ஒன்றே ஒன்று மறுக்கப்பட்டது. அதுவும் காப்பீட்டு நிறுவனம் மகனின் பெயரைத் தவறாகப் பதிந்திருந்ததால். மேசைப் பெண்மணி தாமே அழைத்துச் சரிசெய்து மறுபடி அனுப்பினார், கிளினிக்குக்குப் பணம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

எக்ஸ்ரேக்கள் எங்கள் திட்டத்தில் நூறு விழுக்காடு கிடைப்பவை. காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய டிடக்டபிள் என்னும் தொகையும் அவற்றுக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தொகையும், காப்பீடு ஓர் ஆண்டில் மொத்தமாகத் தரும் உச்ச வரம்பில் கழியும் என்பதைக் கவனிக்க வேண்டும். கிரவுன் என்னும் பல் உறை, வேர்ச் சிகிச்சை போன்ற பெரிய வேலை காத்திருக்கும் ஆண்டில், தேவையற்ற படம் ஒவ்வொன்றும் அந்த வேலைக்கான பணத்தைத்தான் தின்னும். இதையும் மேசையில் கேட்டால் மீதி எவ்வளவு என்று அப்போதே பார்த்துச் சொல்கிறார்கள்.

பில் தொடர்பாகப் பேச வேண்டியவர்கள் செவ்வாய், வியாழன் காலை அழைப்பது நல்லது. அப்போது அந்தப் பெண்மணியே தொலைபேசியை எடுக்கிறார். மற்ற நாட்களில் வரவேற்பு மேசையில் இருப்பவர் குறித்துக்கொண்டு மறுநாள் அழைப்பதாகச் சொல்வார். அழைக்கவும் செய்கிறார்கள், ஆனால் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் யாரும் இருப்பதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் பழைய கிளினிக்கின் பெயரையும், கடைசி எக்ஸ்ரே எடுத்த மாதத்தையும், இரண்டு காப்பீடு இருந்தால் இரண்டின் அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு அழைக்கவும்.